நான் வரைந்து கொடுத்த லேஅவுட் படம்

1

நேற்றுக் காலை பால் பாக்கெட் எடுக்கப் போனபோது கேட்டில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. பெங்களூரு மாநகராட்சித் தேர்தல். ஒரு பக்கம் கன்னடம், மறுபக்கம் தமிழ். எங்கள் லிங்கராஜபுரம் பக்கம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் தமிழிலும் அச்சடித்துவிடுவார்கள். எண்ணி முடித்த மறுநாளிலிருந்து அவர்களுக்குத் தமிழ் காதில் விழாது. நோட்டீஸில் எங்கள் கார்ப்பரேட்டர் அரைப் பக்கத்துக்குச் சிரிக்கிறார். ஓரத்தில், ரேஷன் கார்டுப் படம் அளவுக்கு அவருடைய மனைவி. இந்த முறை வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள், அதனால் நிற்பது அந்த அம்மாள்தான். சிரிப்பது மட்டும் இவர்.

கீழே கொட்டை எழுத்தில் வாக்குறுதி: 'உங்கள் வீடு இனி உங்கள் வீடு. எல்லா வீடுகளும் சக்ரமம்.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே நின்று நோட்டீஸை எட்டாகக் கிழித்தேன். உள்ளேயிருந்து என் மனைவி பத்மா, "இன்னா, காலங்காத்தால யார் மேல கோவம்? பால உள்ள கொண்டாங்க" என்றாள்.

குடியாத்தத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கும் உங்களுக்கு என் கோபம் புரியாது. கல்யாணங்களுக்கு வரும்போது நீங்கள் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: "உனக்கென்னப்பா, பெங்களூர்ல சொந்த வீடு." அந்தச் சொந்த வீட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கடைசிவரை படித்துவிட்டு, அப்புறம் பொறாமைப்படுங்கள்.

2

இங்கே ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பல வருடம் வாடகை வீடுதான். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக்காகக் கலவரம் நடந்ததே, அப்போது நாங்கள் ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு, ரேடியோவைக்கூடச் சத்தமாக வைக்காமல் இருந்தோம். வீட்டுக்காரர் நல்ல கன்னடக்காரர். எங்களைப் பாதுகாத்தார். கலவரம் அடங்கியதும், "வேற வீடு பாத்துக்கோங்க சார், எனக்கும் பிள்ளைங்க இருக்கு" என்று கையைப் பிசைந்தார். அவர் மேல் தப்பில்லை. நம் சுவர் என்று ஒன்று இருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

அப்படி வாங்கியதுதான் இந்த சைட். ராகி விளைந்த நிலத்தை ஒருவர் கயிறு பிடித்துத் துண்டு போட்டு விற்றார். வளர்ச்சி ஆணையத்தின் அங்கீகாரம் கிடையாது, எனவே பத்திரப் பதிவும் கிடையாது. பவர் ஆஃப் அட்டர்னி ஒன்று, அஃபிடவிட் ஒன்று, பஞ்சாயத்தில் வரி கட்டிய ரசீது ஒன்று. இந்த மூன்று தாள்களும்தான் எங்கள் 'சொந்தம்'. இதற்கு ரெவின்யூ சைட் என்று பெயர். பெங்களூரில் பாதிப் பேர் இப்படித்தான் குடியிருக்கிறார்கள். கரண்ட் கொடுப்பார்கள், ஓட்டுரிமை கொடுப்பார்கள், வரி வாங்குவார்கள். வீடு இருக்கிறது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நம்மூரில் அண்ணன் வீட்டு மனைக்கு நான்கு மூலையிலும் சர்வே கல் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரன் ஒரு சாண் தள்ளிச் சுவர் வைத்தால், தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் சங்கிலியோடு வந்து நிற்பான். கவுன்சிலரைத் திட்ட வேண்டுமென்றால் அவர் வீட்டு வாசலுக்கே போய்த் திட்டலாம், காபியும் கொடுப்பார். இங்கே எவரை, எங்கே போய்த் திட்டுவது என்று கண்டுபிடிக்கவே ஒரு வருடம் பிடிக்கும். அதற்குள் கோபம் ஆறிப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் லேஅவுட்டின் பின்பக்கம் ஒரு கால்வாய் ஓடுகிறது. ராஜகாலுவே என்பார்கள், ஏரியிலிருந்து ஏரிக்கு மழைத் தண்ணீர் போகும் பழைய வாய்க்கால். அதன் ஓரத்தில் கடைசி வரிசையில் ஏழு வீடுகள். ஒன்று என்னுடையது. அடுத்தது ஸ்டெல்லாம்மாவுடையது. புருஷன் இறந்தபின் பின்பக்கம் ஓர் அறை கட்டி, இரண்டு கிரைண்டர் போட்டு, இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகளின் படிப்பு, சாப்பாடு எல்லாம் அந்த அறையிலிருந்துதான் வந்தது.

3

ஐந்து வருடத்துக்கு முந்தைய தேர்தலில்தான், நோட்டீஸில் சிரிக்கிறாரே அந்த 'அண்ணா' முதன்முதலாக நின்றார். வார்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவரைவிட மூத்தவர்களும். எங்கள் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சக்ரம என்றால் என்ன என்று அவரே விளக்கினார். விதிமீறிக் கட்டியதையெல்லாம் ஒழுங்குபடுத்தி, சட்டப்படி ஆக்கி, அவரவர் பெயரில் கத்தா, நம்மூர்ப் பட்டா மாதிரி, கொடுத்துவிடுவது. ஜெயித்ததும் அதுதான் முதல் வேலையாம். பிறகு என்னைப் பார்த்து, "சார், நீவு டிராயிங் ஆபீஸ்தானே? லேஅவுட்டுக்கு ஒரு மேப் போட்டுக் குடுங்கோ. கார்ப்பரேஷன் ஆபீஸ்ல இந்த ஏரியாக்கு மேப்பே இல்ல. எங்க தப்பு இருக்கோ அதையும் மார்க் பண்ணுங்கோ, அதையெல்லாம் சேத்து சக்ரம பண்ணிடலாம்" என்றார்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, என்னிடம் ஒரு வேலை கேட்கிறாரே!

இந்த இடத்தில் தொழிற்சாலை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஷாப்பில் ஒரு உதிரிபாகம் வரைபடத்தில் உள்ள அளவுக்குக் கொஞ்சம் மாறி வந்துவிட்டால் மறைக்கக் கூடாது. எங்கே, எவ்வளவு மாறியிருக்கிறது என்று 'டீவியேஷன் நோட்' எழுதி மேலே அனுப்ப வேண்டும். இன்ஜினியர் பார்ப்பார். ஆபத்தில்லை என்றால் 'ஏற்றுக்கொள்ளலாம்' என்று கையெழுத்துப் போடுவார். உண்மையைச் சொன்னவன் பாகம் பிழைக்கும், மறைத்தவன் பாகம் குப்பைக்குப் போகும். இருபது வருடம் இதிலேயே ஊறியவன் நான். அரசாங்கமும் இப்படித்தான் நடக்கும் என்று நம்பினேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அளந்தோம். மாதா கோயில் பூசை முடிந்து வந்த கையோடு ஸ்டெல்லாம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். நக்ஷா என்கிற பழைய கிராம வரைபடத்தின் நகலை ஒருவரிடமிருந்து வாங்கி, கால்வாயின் முழு அகலத்தையும் அதிலிருந்து எடுத்தேன். அதை வைத்துப் பார்த்தால் கடைசி வரிசையில் ஏழு வீடுகளும் கொஞ்சம் கொஞ்சம் கால்வாய்க்குள் இறங்கியிருந்தன. ஸ்டெல்லாம்மாவின் மாவு அறை மூன்றடி.

எல்லாவற்றையும் வரைந்தேன். டிரேசிங் தாளில், மசியில், ஸ்டென்சில் வைத்தது போன்ற எழுத்தில். கால்வாய்க்குள் இறங்கிய பகுதிகளுக்குச் சாய்கோடு போட்டு, பக்கத்தில் அளவு எழுதி, வீட்டுச் சொந்தக்காரர் பெயரும் எழுதினேன். ஆறு வீடுகளுக்கு.

ஏழாவது என் வீடு. மாடிப்படியும் அதன் கீழ் இருக்கும் பாத்ரூமும் மூன்றேகால் அடி கால்வாய்க்குள் நின்றன. அதற்குச் சாய்கோடு போடவில்லை. சுவரைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வரைந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம், படம் வரைந்தவன் வீடே தப்பு என்றால் படத்தை யார் மதிப்பார்கள் என்பது. அது பொய். பயம்தான் காரணம்.

4

அண்ணா ஜெயித்தார். எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தோம்.

எட்டு மாதம் கழித்து மழையில் கால்வாய் பொங்கி, கீழே இருக்கும் பெரிய ரோட்டில் தண்ணீர் நின்றது. பேப்பரில் போட்டோ வந்தது. ஆக்கிரமிப்பை அகற்று என்று மேலிருந்து உத்தரவு. எந்த ஆக்கிரமிப்பு, எங்கே? ஆபீஸில்தான் மேப்பே இல்லையே. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அளவோடு, பெயரோடு, யாரும் ஒரு கேள்வி கேட்க அவசியமில்லாதபடி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை புல்டோசர் வந்தது. இன்ஜினியர் அதன் மூக்கின் மேலேயே தாளை விரித்தார். என் எழுத்து. நான் ஓடிப்போய், இது சக்ரமம் செய்யக் கொடுத்த படம், இடிக்கக் கொடுத்தது இல்லை என்று கத்தினேன். எனக்குக் கன்னடம் நன்றாகவே வரும். கோபம் தலைக்கேறினால் மட்டும் பாதியில் தமிழ் நுழைந்துவிடும். பக்கத்திலிருந்த போலீஸ்காரர், "கன்னடதல்லி மாதாடி" என்றார். கன்னடத்தில் சொல்லியிருந்தால் மட்டும் இயந்திரம் நின்றிருக்குமா என்ன? இன்ஜினியர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீவா போட்டது? டிராயிங் தும்ப சென்னாகிதெ சார்" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே பாராட்டினார்.

புல்டோசருக்கு மூன்றடி என்றால் என்னவென்று தெரியாது. பின்சுவரைத் தொட்டதும் மாவு அறை முழுவதும் உட்கார்ந்துவிட்டது. ஒரு கிரைண்டரைத்தான் வெளியே இழுக்க முடிந்தது. ஊறவைத்த அரிசி மண்ணோடு கால்வாயில் போயிற்று. ஸ்டெல்லாம்மா அழவில்லை, திட்டவுமில்லை. இன்ஜினியரின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வீடுகளை முடித்துவிட்டு வண்டி என் வீட்டைத் தாண்டிப் போனது. படத்தில் இல்லாத தப்பு தரையில் மட்டும் எப்படி இருக்க முடியும்?

அண்ணாவைத் தேடிப் போனேன். மீட்டிங் என்றார்கள், மைசூர் போயிருக்கிறார் என்றார்கள். பத்தாவது முறை கிடைத்தார். "கோர்ட்டு, மேலிடம், நான் ஏனு மாட்லி சார்?" என்று கையை விரித்தார். அடுத்த வருடமே கால்வாயின் எதிர்க்கரையில் நான்கு மாடி அப்பார்ட்மென்ட் எழுந்தது. கரையில்கூட இல்லை. கால்வாய்க்கு மேலேயே கான்கிரீட் பலகை போட்டு, அதன் மேல் கார் நிறுத்துகிறார்கள். அதற்கு அங்கீகாரம் உண்டு, முத்திரை உண்டு. ஆக்கிரமிப்பாளர்கள் நாங்கள்.

5

என் மகள் கவிதா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கன்னடம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் அதற்கு மேல். தமிழ் பேசுவாள், எழுத்துத் தெரியாது. நான் எழுதும் இதை அவளால் படிக்க முடியாது. அந்த தைரியத்தில்தான் மூன்றேகால் அடியை இங்கே எழுதினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று நோட்டீஸைக் கிழித்தது பற்றி அம்மாவும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தார்கள். கவிதா என்னிடம் வந்து, "அப்பா, சும்மனே எதுக்குக் கோவம்? வாய்க்கால்ல கட்டினா ஃப்ளட் வரத்தானே செய்யும்? எங்க ஆபீஸ்ல எல்லாரும் அதான் சொல்றாங்க. கட்டினதே இல்லீகல், இடிச்சா என்ன தப்பு?" என்றாள்.

"அந்த அப்பார்ட்மென்ட்?"

"அதுவும் தப்புதான். அதுக்காக இது சரின்னு ஆயிடுமா?"

சுருக்கென்றது. நியாயத்தைச் சொல்லும்போதுகூட ஏதோ தூரத்து ஊரைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசினாள். 'கட்டினதே இல்லீகல்' என்கிறாளே, அதில் அவள் தினமும் ஏறி இறங்கும் மாடிப்படியும் சேர்த்திதான் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருப்பவன் நான். ஊரை ஏமாற்றும் அண்ணாவை எட்டாகக் கிழிக்கிற நான்!

6

இதுவரை விடியுமுன் எழுதிய கையோடு, இன்று காலை ஸ்டெல்லாம்மா வீட்டுக்குப் போனேன். மிச்சமிருந்த கிரைண்டரைச் சமையலறையிலேயே போட்டுக்கொண்டு, முன்னைப் போல் பாதிகூட இல்லாத வியாபாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார். பெரிய பெண் படிப்பை நிறுத்திவிட்டு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகிறது.

"வாங்க சார். மாவா? பத்மாக்காகிட்ட அப்பவே குடுத்தனுப்பிட்டேனே."

மாவுக்கு வரவில்லை என்றேன். நின்றபடியே சொன்னேன். என் வீடும் கால்வாயில் இருக்கிறது, உங்களுடையதைவிட அதிகமாக இருக்கிறது, படத்தில் மறைத்தேன் என்று.

அவர் பாக்கெட்டில் மாவு ஊற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும் சார்" என்றார்.

"எப்படி?"

"இன்னா சார் கேள்வி? டேப்பு முனைய யார் புட்ச்சிகினு இருந்தது? மூணேகால்னு நான்தான் சத்தமா சொன்னேன். நீங்க எழுதல. பென்சிலக் காதுல சொருவிகினு அடுத்த வூட்டுக்குப் போயிட்டீங்க."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லிகினா? உங்க படியையும் இடிப்பான். என் ரூமு திரும்பி வருமா?" பாக்கெட்டைக் கட்டி ஓரமாக வைத்தார். அப்புறம்தான் குரல் ஏறியது. "ஆனா நீங்களே வந்து சொல்வீங்கன்னு பாத்தேன் சார். மொத வருசம் தெனம் பாத்தேன். அக்கா வந்து மாவு வாங்கிகினு போவும், கவிதா பாப்பா வந்து ஆன்ட்டின்னு கூப்பிடும். நீங்க மட்டும் கேட்டாண்ட என்னப் பாத்தா ஸ்கூட்டர வேகமா ஓட்டுவீங்க. அப்பறம் உட்டுட்டேன்."

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"அது எனக்கு எதுக்கு சார்? வெச்சிகினு இன்னா பண்றது? சாயங்காலம் அண்ணா மீட்டிங் போட்றாரு இல்ல, அங்க எழுந்து சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

பத்மாவிடம் சொன்னேன். அழுதாள். ஆலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்ட எனக்கு இந்த வீட்டை விட்டால் வேறு ஒன்றுமில்லை. படிக்கட்டில் இயந்திரம் கை வைத்தால் முன் ஹாலும் சேர்ந்து உட்காரும். ஸ்டெல்லாம்மா வீட்டில் பார்த்ததுதானே. "ஊர்ல எவன் யோக்கியம்னு நீங்க போய்ச் சொல்லணும்?" என்று கேட்டாள். கவிதாவிடமும் சொன்னேன். அவள் பின்பக்கம் போய்ப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

7

சாயங்காலம் தெருமுனையில் ஷாமியானா. நூறு நாற்காலி இருக்கும். வேட்பாளர் அம்மாள் மாலையோடு கைகூப்பி உட்கார்ந்திருந்தார். பேசியதெல்லாம் அண்ணாதான். மறுபடியும் சக்ரமம், மறுபடியும் கத்தா. "இந்த தடவ புதுசா ஒரு மேப் வேணும். நம்ம சார் இருக்காங்க, ஃபர்ஸ்ட் கிளாஸா போட்டுக் குடுப்பாங்க" என்று என் பக்கம் கை காட்டினார். கைதட்டினார்கள்.

எழுந்தேன். போன படத்தில் ஆறு வீடுகளைக் காட்டிக்கொடுத்தேன், என் வீட்டை மறைத்தேன், கால்வாய்க்குள் அதிகமாக இருப்பது என் வீடுதான் என்று கன்னடத்தில் சொன்னேன். திரும்பவும் தமிழில் சொன்னேன். அளக்க வேண்டியது ஆபீஸின் வேலை, இனி நான் ஒரு கோடுகூடப் போட மாட்டேன், அளக்க வருகிறவர்கள் எதிர்க்கரை அப்பார்ட்மென்டில் தொடங்கி என் வீட்டுக்கு வரட்டும் என்றும் சொன்னேன்.

அடிக்க வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். இடிந்த வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தும் விட்டார்கள்.

அண்ணா மைக்கிலேயே சிரித்தார். "அய்யோ சார், இஷ்டேனா, இவ்வளவுதானா? நானு என்னமோன்னு பயந்துட்டேன். மூணு அடியெல்லாம் ஒரு விஷயமா? நீவு படிச்சவரு, நம்மவரு. உங்க வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்க. நான் பாத்துக்கறேன், கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்று கையால் உட்காரச் சொன்னார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். எழுந்த இரண்டு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஸ்டெல்லாம்மா எழுந்தார். மைக் இல்லாமலே கேட்டது.

"அண்ணா, சாருது மூணேகால். என்னுது மூணுதான்."

அண்ணாவின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது. மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் அவசரமாக, வேட்பாளரின் சின்னத்தைச் சொல்லிக் கோஷம் போட ஆரம்பித்தார். ஸ்டெல்லாம்மா உட்காரவில்லை. எங்களை உட்காரச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். நானும் உட்காரவில்லை.